முதல் வெளிநாட்டு பைக் பயணம்: நேபாளமா, இலங்கையா, தாய்லாந்தா?

குமுளி, வண்டிப்பெரியாறு, பீர்மேடு பக்கம் ஏலக்காய் எடுப்பு முடிந்து கையில் நாலு காசு புழங்கும் சமயத்தில் பையன்கள் கேட்டு வரும் கேள்வி இது: “அண்ணே, ஒரு தடவை வெளிநாட்டுக்கு பைக்கில் போகணும். எந்த நாடு நல்லது?” அண்மையில் கேட்ட இருவரில் ஒருவர் ஏலக்காய்க் கடையில் கணக்கெழுதுகிறார், மற்றவர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இருக்கிறார். பன்னிரண்டு நாள் லீவு. கணக்கருக்கு நேபாளத்தின் மேல் ஆசை, மற்றவருக்குத் தாய்லாந்தின் மேல். நான் இலங்கைக்குப் போங்கள் என்றேன். இருவருக்கும் முகம் கொஞ்சம் சுருங்கிவிட்டது. அவசரமாகச் சொன்ன பதில் இல்லை என்பதால் காரணத்தை முழுதாகவே எழுதுகிறேன்.

எந்த நாடு அழகு என்று பார்த்து முதல் பயணத்தை முடிவு செய்யக் கூடாது. எத்தனை விஷயம் ஒரே நேரத்தில் புதிதாக வந்து தலையில் விழும் என்று பார்க்க வேண்டும். ரோட்டின் பக்கம், வண்டி, பாஷை, சட்டம், குளிர், உயரம், ஒரு நாளில் ஓட்டும் தூரம் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொரு நாட்டுக்கும் எதெல்லாம் புதிது என்று டிக் அடித்துப் பாருங்கள். டிக் குறைவாக விழும் நாடுதான் முதல் நாடு.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும்போது நம் மனது என்ன செய்கிறது என்று கவனித்திருக்கிறேன். மேலே இருந்து பஸ் ஹாரன் கேட்டதுமே வண்டி ஓரம் கட்டிவிடுகிறது. வளைவில் பஸ்ஸின் முன்பக்கம் நம் பக்கத்து ரோட்டைப் பாதி விழுங்கிவிட்டுத்தான் திரும்பும் என்று தெரியும். எந்த வளைவில் தண்ணீர் ஒழுகிப் பாசி பிடித்திருக்கும், எங்கே குரங்குக் கூட்டம் உட்கார்ந்திருக்கும் என்பதும் தெரியும். இதில் எதையும் நாம் யோசிப்பதில்லை. யோசிக்க வேண்டியிராததால்தான் திடீரென்று ஒரு ஜீப் எதிரே வந்தால் சமாளிக்கக் கவனம் மிச்சமிருக்கிறது. புது நாட்டில் அந்த மிச்சம் இருக்காது. போர்டு படிப்பதும், வண்டியின் கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று பழகுவதும், போலீஸ்காரர் கை காட்டினால் என்ன அர்த்தம் என்று விழிப்பதுமாக முழுக் கவனமும் செலவாகிவிடும். முதல் மூன்று நாளில் விபத்தில் மாட்டுகிறவர்கள் எல்லாரும் மோசமாக ஓட்டுகிறவர்கள் என்று நான் நம்பவில்லை. கவனம் தீர்ந்துபோனவர்கள் அவர்கள்.

நேபாளத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம் பையன்கள் பத்தில் ஏழு பேர் கேட்பது அதைத்தான்.

நேபாளத்துக்குப் பெரிய பலம், சொந்த வண்டியிலேயே போகலாம் என்பது. நம் ஊர் கேஎல் 37 நம்பர் பிளேட்டோடு அன்னபூர்ணா மலைக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்கும் ஆசை எனக்கும் புரியும். ரோட்டின் பக்கம் நம்மைப் போல இடதுதான். இந்தியருக்கு விசா வேண்டாம், தரை வழியாகப் போக வாக்காளர் அட்டையே போதும், இந்திய லைசென்ஸ் செல்லும். எல்லையில் வண்டிக்கு ‘பன்சார்’ என்கிற சுங்கச் சீட்டு வாங்க வேண்டும். எத்தனை நாள் இருப்போம் என்று சொல்லி நாள் கணக்கில் பணம் கட்ட வேண்டும், எழுதிய தேதிக்குள் வண்டி வெளியே வந்துவிட வேண்டும். பணம் மாற்றுவதிலும் குழப்பமில்லை. நம் 100 ரூபாய்க்கு அவர்களுடைய 160 ரூபாய் என்பது 1993 முதல் மாறாத கணக்கு. 100 ரூபாய் நோட்டாகக் கொண்டுபோனால் தகராறே இல்லை.

இப்போது டிக் அடிப்போம். பழகிய வண்டி, பழகிய பக்கம், எளிதான காகிதம் வரை சரி. தூரம்தான் இடிக்கிறது. இங்கிருந்து சுனௌலி எல்லைக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல். ஹைதராபாத், நாக்பூர், ஜபல்பூர், பிரயாக்ராஜ் என்று போய்ச் சேர நாலைந்து நாள், திரும்ப நாலைந்து நாள். பன்னிரண்டு நாள் லீவில் நேபாளத்துக்கு என்ன மிஞ்சும்? களைத்துப்போன உடம்போடு, மிஞ்சும் இரண்டு நாளில் இமயமலை ரோட்டில் ஏறப் போகிறீர்கள். இந்தக் கணக்கை எத்தனை பேரிடம் சொன்னாலும், “அண்ணே, நாங்க ஒரு நாளைக்கு 800 ஓட்டுவோம்” என்கிறார்கள். நாலுவழிச் சாலையில் ஓட்டலாம்தான். அடுத்த நாள் காலையில் அந்தக் கை எப்படி இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வழி இருக்கிறது. எர்ணாகுளம் வழியாக கோரக்பூர் வரை போகும் ராப்திசாகர் எக்ஸ்பிரஸில் வண்டியைப் பார்சல் போடலாம். ஆர்சி நகல், அடையாள அட்டை நகல் கொடுத்து, டேங்க்கில் பெட்ரோலைச் சுத்தமாக வடித்து, சாக்கு சுற்றி பேக் பண்ணிக் கொடுக்க வேண்டும். கண்ணாடிகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், இண்டிகேட்டருக்கும் லீவருக்கும் தனியாக அட்டை சுற்றுங்கள். நீங்கள் அதே ரயிலில் போனாலும், பைக்கும் அதே ரயிலில் ஏறியதா என்று பார்சல் ஆபீஸில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கோரக்பூரில் இறங்கினால் எல்லை ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். இப்படிப் போனாலும் ரயிலிலேயே போக வர நாலைந்து நாள் கழிந்துவிடும். மூன்று வாரம் லீவு கிடைக்கிறவருக்கு மட்டும்தான் நேபாளம்.

நேபாள ரோட்டைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பொக்காரா, காத்மாண்டு வரைக்கும் போவது ஒரு விஷயம், அதற்கு மேல் ஜோம்சோம், முக்திநாத் ஏறுவது வேறு விஷயம். முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல். நம் ஆனைமுடியே 2,695 மீட்டர்தான், அதன் உச்சிக்கும் நாம் பைக்கில் போனதில்லை. அந்த உயரத்தில் தலைவலியும் தூக்கமின்மையும் எப்படி வரும் என்று உடம்புக்குத் தெரியாது. மழைக்காலத்தில் மலை சரியும். 2024 ஜூலையில் நாராயண்காட் முக்லிங் ரோட்டில் நிலச்சரிவு இரண்டு பஸ்களை அப்படியே திரிசூலி ஆற்றுக்குள் தள்ளியது, அறுபதுக்கு மேற்பட்டவர்கள் அந்த பஸ்களில் இருந்தார்கள். மூணார் பக்கத்துப் பெட்டிமுடி நிலச்சரிவைப் பார்த்தவர்கள் நாம். 2020 ஆகஸ்டு ராத்திரியை மறக்க முடியாத நம் மலைக்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அக்டோபர், நவம்பர் இல்லாவிட்டால் மார்ச், ஏப்ரல். வேறு மாதம் வேண்டாம்.

இனி இலங்கை. “பக்கத்தில்தானே இருக்கு, அது என்ன வெளிநாடு?” என்று முகம் சுளிப்பவர்களிடம்தான் எனக்கு அதிகம் பேச வேண்டியிருக்கிறது. பக்கத்தில் இருப்பதுதான் அதன் பலமே.

டிக் அடித்துப் பாருங்கள். ரோட்டின் பக்கம் இடது. பாஷை, வடக்கிலும் கிழக்கிலும், மலையகம் என்கிற தேயிலை மலைப் பகுதியிலும் தமிழ். ரோட்டுப் போர்டுகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் போனால் தேயிலைத் தோட்டமும் தொழிலாளர்களின் லயம் வரிசை வீடுகளும் மாரியம்மன் கோயிலும் பார்த்து, வண்டிப்பெரியாற்றில்தான் நிற்கிறோமோ என்று தோன்றும். வண்டி ரிப்பேர் ஆனால் ஒரு வொர்க்‌ஷாப்காரரிடம், “கிளட்ச் வழுக்குது, கொஞ்சம் டைட் பண்ணிக் கொடுங்க” என்று தமிழில் சொல்ல முடிகிற வெளிநாடு நமக்கு எத்தனை இருக்கிறது? பஜாஜ் பல்சர், டிவிஎஸ் அபாச்சி எல்லாம் அங்கே ஊர் வண்டிகள், அதனால் பார்ட்ஸுக்கும் அலைய வேண்டாம். கொச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் கொழும்புக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் விமானம். லீவில் பத்து நாள் முழுசாக ரோட்டில் கிடைக்கும்.

புதிதாக இருப்பது இரண்டு விஷயம், வாடகை வண்டியும் லைசென்ஸ் சட்டமும். சொந்த வண்டியைக் கொண்டுபோகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஓடும் கப்பல் ஆட்களுக்குத்தான். சரக்குக் கப்பலில் போட்டால் சுங்கத்துக்கு கார்னே என்ற ஜாமீன் பத்திரம், அதற்கு பேங்க் கேரண்டி என்று செலவும் அலைச்சலும் பயணச் செலவைத் தாண்டிவிடும்.

லைசென்ஸ் விஷயத்தில்தான் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். நம் ஆர்டிஓ கொடுக்கும் இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட், அதாவது ஐடிபி, இலங்கையில் தனியாகச் செல்லாது. அங்கே உள்ளூர் அங்கீகாரம் ஒன்று வாங்க வேண்டும். கொழும்பில் இருக்கும் ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆஃப் சிலோன் ஐடிபியைப் பார்த்து அங்கீகாரம் கொடுக்கிறது. வாடகைக்கு வண்டி தருகிறவர்களில் பலர் லைசென்ஸ், பாஸ்போர்ட் நகல்களை முன்கூட்டியே வாங்கி இந்த வேலையை முடித்து வைப்பார்கள். விமான டிக்கெட்டுக்கு முன்பே இதைப் பேசி முடியுங்கள். கைக்கு வரும் சீட்டில் மோட்டார் சைக்கிள் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் சாவியைத் தொடாதீர்கள்.

ரோடு எப்படி? மெயின் ரோடுகள் பொதுவாக நன்றாக இருக்கும், ஆனால் குறுகல். எக்ஸ்பிரஸ்வேயில் பைக்குக்கு அனுமதி இல்லை. தனியார் பஸ்கள் ஒன்றையொன்று முந்தும் வேகம் நம் கோட்டயம்-குமுளி (கேகே) ரோட்டு பஸ்களுக்குச் சற்றும் இளைத்ததில்லை, ஆகவே நமக்கு அது புதிது இல்லை. புதிது என்னவென்றால், ஜீப்ரா கிராசிங்கில் ஆள் காலை வைத்தால் வண்டிகள் நின்றுவிடும். நாமும் நிற்க வேண்டும். முன்னால் போகிற கார் திடீரென்று நிற்கும்போது அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் நேராக டிக்கியில்தான் முட்டுவோம். முதல் நாள் முழுக்க இடைவெளி விட்டு ஓட்டிப் பழகுங்கள்.

யானை விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை சின்னக்கானலிலிருந்து 2023-இல் பெரியாறு காட்டுக்குக் கொண்டுவந்து விட்டதும், அது கம்பம் ஊருக்குள்ளேயே இறங்கியதும் நாம் கண்ணால் பார்த்த கதை. இலங்கையில் ஹபரணை, மின்னேரியா பக்கமும், புத்தளையிலிருந்து கதிர்காமம் போகும் ரோட்டிலும் யானை ரோட்டிலேயே நிற்கும். கதிர்காம ரோட்டில் வண்டிகளை மறித்துத் தீனி கேட்கப் பழகிய யானைகள் உண்டு. காருக்குள் இருப்பவருக்கு அது வேடிக்கை, பைக்கில் இருப்பவருக்கு உயிர்ப் பிரச்சினை. மாலை நாலு மணிக்குமேல் இந்த ரோடுகளில் பைக் ஓட்டாதீர்கள். மறையூர்-உடுமலை காட்டு ரோட்டில் இருக்கும் சின்னாறு செக்போஸ்ட்டில் ராத்திரி ஏன் தடுக்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

வண்டியைக் கொழும்பில் எடுக்காமல், கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் நீர்கொழும்பில் எடுங்கள். கொழும்பு டிராஃபிக்கில் முதல் நாளைக் கழிப்பது வீண். முதல் நாள் நீர்கொழும்பைச் சுற்றி முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்டி வண்டியைப் பழகுங்கள். மறுநாள் குருநாகல் வழியாக தம்புள்ளை, அங்கிருந்து ஏ9 ரோட்டில் வவுனியா, ஆனையிறவு, யாழ்ப்பாணம். அந்த ரோடு நீளமாக, சமமாக, வளைவு குறைவாக இருக்கும், புது வண்டியோடு பழக அதைவிட நல்ல இடம் இல்லை. வளைவும் மலையும் பிறகு. கண்டி, ரம்பொடை, நுவரெலியா, எல்ல என்று மலை ஏறும்போது வண்டி உங்கள் கைக்கு வந்திருக்கும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், இறங்கியவுடன் எல்லவுக்கு ஓடுகிறார்கள். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலில் கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கம் மலைகள் சரிந்து ஏராளமானோர் இறந்தார்கள், ரோடுகளும் பாலங்களும் உடைந்தன. மலை ரோட்டுக்குப் போகும் முன் தங்குமிடத்துக்காரரிடம் அன்றைய நிலவரம் கேளுங்கள், மழை பிடித்தால் கீழேயே இருங்கள்.

வாடகை வண்டி எடுக்கும் அந்த அரை மணி நேரம் பயணத்திலேயே முக்கியமானது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டிலுக்குக் கீழே ‘டக் டக்’ என்று தட்டினால் ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட் போய்விட்டது, வேறு வண்டி கேளுங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டுப் பின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே செயினை விரலால் தூக்குங்கள். ஒரு இடத்தில் இறுக்கமும் இன்னொரு இடத்தில் தொங்கலுமாக இருந்தால் செயின் ஆயுள் முடிந்தது. டயரின் நடுவில் தட்டையாகத் தேய்ந்து ஓரத்தில் பட்டன் அப்படியே இருந்தால், மலை வளைவில் சாயும்போது அந்த விளிம்பு வழுக்கும். கிளட்ச் கேபிள் லீவருக்குள் நுழையும் இடத்தில் கம்பி இழை ஒன்றிரண்டு பிரிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிரிந்திருந்தால் மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். நம் ஊர் பழைய மெக்கானிக்குகள் நீண்ட பயணத்துக்குப் புதுக் கேபிள் ஒன்றைப் பழைய கேபிளை ஒட்டியே ஓட்டிக் கட்டிவிடுவார்கள், அறுந்தால் இரண்டு முனையையும் மாற்றி மாட்ட ஐந்து நிமிடம். வாடகை வண்டிக்கும் அதைச் செய்து தரச் சொல்லிக் கேட்கலாம். எல்லாக் கீறலையும் கடைக்காரர் குரலும் சேர்ந்து கேட்கும்படி வீடியோ எடுங்கள். பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள், ரொக்க டெபாசிட் வாங்கும் கடைக்குப் போங்கள். என்னிடம் ஒரு கடையில் கேட்டார்கள், பக்கத்துக் கடையில் கேட்கவில்லை.

தாய்லாந்து. ஸ்பேர் பார்ட்ஸ் தம்பி கேட்டது தப்பில்லை. ரோடு என்று மட்டும் பார்த்தால் மூன்றிலும் அதுதான் முதல். அங்கேயும் இடது பக்கம்தான், நம் ஐடிபியும் செல்லும், ஆனால் அதில் மோட்டார் சைக்கிள் பிரிவு இருக்க வேண்டும். சியாங் மாயிலிருந்து பாய் போகும் 1095-ஆம் ரோட்டில் 762 வளைவு, மே ஹாங் சோன் சுற்று முழுக்க 1,864 வளைவு என்று விளம்பரமே செய்கிறார்கள். வழவழப்பான ரோடு என்பதே அங்கே ஆபத்து. குழி இருந்தால் நாம் தானாகவே மெதுவாகப் போவோம். குழியில்லாத ரோட்டில் வேகம் எவ்வளவு ஏறியது என்பதே தெரியாது, வளைவு வந்த பிறகுதான் தெரியும். பாஷை அடியோடு புதிது, எழுத்தும் புதிது. விபத்து நடந்தால் ஆஸ்பத்திரிச் செலவு பெரிது, வாடகை வண்டிக்குப் பெரும்பாலும் கட்டாய இன்ஷூரன்ஸ் மட்டும் இருக்கும், வண்டிச் சேதம் நம் தலையில். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வடக்கில் புகைமூட்டம். நம் ஏலக்காய் லீவும் அந்தப் புகையும் ஒரே சமயத்தில் வருவதால் கணக்கு ஒத்துவரவில்லை. வாடகை வண்டியும் வெளிநாட்டுச் சட்டமும் இலங்கையில் ஒருமுறை பழகியபின் நவம்பரில் லீவு கிடைத்தால் தாய்லாந்து போங்கள்.

பூட்டானைப் பற்றிச் சுருக்கமாக. இடது பக்கம், அமைதியான ரோடு, ஆனால் இந்தியருக்கு ஒரு ராத்திரிக்கு 1,200 ரூபாய் வளர்ச்சிக் கட்டணம் உண்டு, பாரோ, திம்புவைத் தாண்டினால் வழிகாட்டி வேண்டும், தூரமோ நேபாளத்தை விட அதிகம். வியட்நாம் இப்போதைக்கு வேண்டாம். அங்கே வலது பக்கம் ஓட்ட வேண்டும். அதைவிட முக்கியம், இந்தியா கொடுக்கும் ஐடிபி 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியானது, வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தப்படியானதை. ஊரில் வாடகைக்குத் தருவார்கள், ஓட்டவும் ஓட்டுகிறார்கள், விழுந்தால் இன்ஷூரன்ஸ் கை விரித்துவிடும். ஹா ஜியாங் மலை பார்க்க ஆசையென்றால் உள்ளூர் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து போங்கள். வலது பக்கத்து ரோட்டில் ஆபத்து நெரிசலில் வராது, நெரிசலில் எல்லாரையும் பார்த்து ஓட்டிவிடலாம். காலையில் ஆளில்லாத பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது கை தானாக இடது பக்கம் திருப்பும், ஆபத்து அங்கேதான் வரும்.

இன்ஷூரன்ஸ் எல்லா நாட்டுக்கும் பொது. நம் ஹெல்த் பாலிசியை நம்பி வெளிநாடு போகாதீர்கள். டிராவல் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, இருசக்கர வாகனம் ஓட்டி அடிபட்டால் பணம் உண்டா, எத்தனை சிசி வரை, அந்த நாட்டில் செல்லும் லைசென்ஸ் வேண்டுமா என்ற மூன்று கேள்வியையும் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். நேபாளத்துக்குச் சொந்த வண்டியில் போகிறவர்கள் வண்டியின் பாலிசியை அந்த நாட்டுக்கும் நீட்டித்துக் கொள்ளலாம், ஏஜெண்டிடம் கேட்டால் கூடுதல் பிரீமியம் சொல்வார்.

ஆக, அந்த இரண்டு தம்பிகளுக்கும் இலங்கை, பிப்ரவரி கடைசி அல்லது மார்ச். மலையகத்திலும் மேற்கிலும் மழை குறைந்த மாதம், வடக்கிலும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். ஏப்ரல் நடுவில் சித்திரைப் புத்தாண்டுக் கூட்டத்தில் மாட்டாமல் திரும்பிவிடலாம். அதற்குள் இங்கே செய்ய வேண்டியது ஒன்றிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, கூட்டாளியின் வண்டியை வாங்கி, பின்னால் பத்து கிலோ பையைக் கட்டி, போடிமெட்டு, மூணார், மறையூர் வழியாக உடுமலை வரை போய் வாருங்கள். பழகாத வண்டி, சுமை, முழு நாள் ஓட்டம் மூன்றும் சேர்ந்தால் உடம்பும் மனதும் எங்கே தளர்கிறது என்று நம் ரோட்டிலேயே தெரிந்துவிடும்.

ஐடிபிக்கு அரசின் பரிவாஹன் இணையதளத்தில் விண்ணப்பித்து ஆர்டிஓ ஆபீஸில் வாங்க வேண்டும். பாஸ்போர்ட், லைசென்ஸ், பயண விவரம் கேட்பார்கள், அரசுக் கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். விண்ணப்பிக்கும் முன்னால் லைசென்ஸை எடுத்து, அதில் கியர் உள்ள மோட்டார் சைக்கிள் ஓட்டும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கூட்டருக்கு மட்டும் எடுத்துவிட்டு வருஷக் கணக்கில் புல்லட் ஓட்டுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. அப்படியிருந்தால் முதலில் டெஸ்ட் கொடுத்து அதைச் சேர்க்க வேண்டும், அதற்கே ஒன்றிரண்டு மாதம் ஆகும். பிப்ரவரியில் போக நினைப்பவர்கள் அந்த வேலையை ஓணம் முடிந்த கையோடு தொடங்கிவிடுங்கள்.